ஒழுங்குப் பத்திரத்தில் எந்த வரி?

"நம்ம சம்பளத்த பத்தி பாராளுமன்றத்துல பேசுனாங்களாமே, எப்ப கைக்கு வரும்?" ஹட்டன் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனால் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது.

ஒவ்வொரு அமர்வு நாளுக்கும் ஓர் ஒழுங்குப் பத்திரம் உண்டு. அறிவிப்புகள், மனுக்கள், வாய்மூல வினாக்கள் முடிந்த பின் அன்றைய பிரதான அலுவல். சட்டமூலங்கள் வாக்கெடுப்புக்கு வருவது அங்கேதான். 1948இல் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டமும் அப்படி நிறைவேறியதே. மாலையில் வரும் சபை ஒத்திவைப்புப் பிரேரணை வேறு. உரை இருக்கும், அமைச்சரின் பதில் இருக்கும். வழக்கமாக வாக்கெடுப்பு இராது. வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு இது நன்கு பழகிய விடயம்.

தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளத்தைத் தீர்மானிப்பது சம்பள நிர்ணய சபை. வர்த்தமானியில் வந்தால்தான் அது செல்லும். 2021இல் 1,000 ரூபா அப்படித்தான் வந்தது. 2024இல் 1,700 ரூபா வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் கிடைத்தது 1,350.

2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 200 ரூபா வருகைக் கொடுப்பனவு மட்டும் வேறு ரகம். அது அரசாங்கப் பணம். ஆகவே எம்.பி.க்கள் கை உயர்த்தியே ஆகவேண்டும்.