கப்பலுக்கு வெயில் போதுமா?

மலாக்கா மாநிலத்தின் தஞ்சோங் துவான் குன்றிலிருந்து பார்த்தால், நீரிணையில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் வெயில். அந்த வெயிலிலேயே இக்கப்பல்களை ஓட்டிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 1 கிலோவாட். நல்ல சோலார் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். 200 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உள்ள கார் கப்பலின் மேல்தளம் முழுக்கத் தகடு பதித்தாலும் நண்பகலில் கிடைப்பது ஏறத்தாழ 1,280 கிலோவாட். இரவையும் மேகத்தையும் கழித்தால் சராசரி இருநூற்றுச் சொச்சம்தான். அதை ஓட்டும் இயந்திரத்தின் திறனோ 10,000 கிலோவாட்டுக்கு மேல். கொள்கலன் கப்பலில் தகடு வைக்க இடமே கிடையாது, தளமெங்கும் பெட்டிகள்.

சிறு படகின் கதை வேறு. கேரளத்தின் வைக்கத்தில் 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ படகு, 20 கிலோவாட் தகடுகளை வைத்து 75 பயணிகளை அக்கரை சேர்க்கிறது. எடை குறைவு, வேகமும் குறைவு. வேகம் பாதியானால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும்.

அப்படியானால் பெரிய கப்பலுக்குச் சூரியனால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. ஜப்பானின் என்ஒய்கே நிறுவனம் 2008இல் ‘ஆரிகா லீடர்’ என்ற கார் கப்பலில் 328 தகடுகளைப் பொருத்தியது. கிடைத்தது 40 கிலோவாட்தான். ஆனால் உப்புக்காற்றையும் அதிர்வையும் தகடுகள் தாங்குமா என்று கடலிலேயே சோதிக்க முடிந்தது. 2012இல் வந்த ‘எமரால்டு ஏஸ்’ கப்பலைத்தான் நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். அதில் 160 கிலோவாட் தகடுகளோடு 2,200 கிலோவாட் மணி சேமிக்கும் லித்தியம் பேட்டரிகளும் இருந்தன. பயணத்தின்போது சில நாள் வெயிலைச் சேர்த்துவைத்து, துறைமுகத்தில் நிற்கும்போது டீசல் ஜெனரேட்டர்களை அணைத்துவிடலாம். ஊரை ஒட்டி நிற்கும் கப்பலின் புகையைச் சுவாசிப்பவர்கள் கரையில் வாழும் மக்கள். தோட்டத்து லயங்களில் ஜெனரேட்டர் ஓடிய காலத்தை அறிந்த நம் மூத்தவர்களுக்கு ஜெனரேட்டரை அணைப்பதன் அருமை புரியும்.

இடம் குறைவான கப்பலில் ஒவ்வொரு சதுர அடியும் முக்கியம். அதற்கேற்ற தகடுகளுக்கான சூரிய மின்கலங்கள் நம் மலாக்கா மாநிலத்திலேயே உருவாயின. அலோர் காஜாவை அடுத்த ரெம்பியாவில் 2010இல் உற்பத்தியைத் தொடங்கிய சன்பவர் கூட்டு நிறுவனத் தொழிற்சாலையில் செய்த மின்கலங்களின் முன்பக்கத்தில் உலோகக் கோடுகளே இல்லை. எல்லா இணைப்பும் பின்புறம். நிழல் விழாததால் அதே பரப்பிலிருந்து கூடுதல் மின்சாரம் கிடைக்கும்.