லாலே: எமிர்கான் பூங்காவில் ஒரு வசந்தம்

டியூலிப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது நெதர்லாந்துதான். ஆனால் அங்கு போய்ச் சேர்வதற்கு முன்பே அம்மலர் உஸ்மானியரின் தோட்டங்களை அலங்கரித்துவிட்டது. அதன் தாயகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். துருக்கியர் அதனை ‘லாலே’ என்று அழைக்கின்றனர். சென்ற ஏப்ரலில் குடும்பத்தோடு இஸ்தான்பூல் சென்றபோது, எமிர்கான் பூங்காவில் லாலேயைக் காணும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பொஸ்பரஸ் நீரிணையை நோக்கிய குன்றுச் சரிவில் இப்பூங்கா அமைந்துள்ளது. உயர்ந்த மரங்களின் கீழே சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா எனப் பாத்தி பாத்தியாக மலர்கள். நடுவே 19ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா அமைத்த மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை மாளிகைகள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

“இதை நுவரெலியாவில் நட முடியாதா?” என்று உம்மா கேட்டார். டியூலிப் வெங்காயத்தைப் போன்ற ஒரு குமிழிலிருந்து வளர்கிறது. இலையுதிர் காலத்தில் நடப்படும் குமிழ், கடுங்குளிரில் பல வாரங்கள் மண்ணுக்குள் கிடக்க வேண்டும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் தண்டு நீண்டு ஒழுங்காகப் பூக்கும். நுவரெலியாவின் குளிர் அதற்குப் போதாது.

உஸ்மானியர் இம்மலரை நேசித்ததற்கு அதன் அழகு மட்டும் காரணமல்ல. அக்காலத்தில் துருக்கி மொழி அரபு எழுத்துக்களிலேயே எழுதப்பட்டது. ‘லாலே’ என்ற சொல்லில் உள்ளவை லாம், அலிப், லாம், ஹே. ‘அல்லாஹ்’ என்ற திருநாமத்தில் உள்ளவையும் இதே எழுத்துக்கள்தான். வரிசை மட்டுமே வேறு. அதனாலேயே பள்ளிவாசல் சுவர்களிலும் லாலே இடம்பிடித்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் ஓடுகளில் செந்நிற லாலேக்களை இன்றும் காணலாம்.

ஆனால் இறைவனை நினைவூட்டிய அதே மலர் பின்னர் பெருமையடிக்கும் பொருளாகவும் மாறியது. நெதர்லாந்தில் குமிழ்களின் விலை கண்மூடித்தனமாக ஏறி, 1637இல் சரிந்தது. மூன்றாம் அஹ்மத் சுல்தானின் ஆட்சியில் 1718 முதல் 1730 வரையான காலத்தை வரலாற்றாசிரியர்கள் ‘லாலே யுகம்’ என்கின்றனர். செல்வந்தர்கள் அரிய குமிழ்களுக்காகப் போட்டியிட்டனர். விலையைக் கட்டுப்படுத்த அரசே பட்டியல் வெளியிட்டது. அரண்மனைத் தோட்டங்களில் இரவு விருந்துகள் நடந்தன. மறுபுறம் வரிச்சுமையும் போர்த் தோல்விகளும் மக்களை வாட்டின. 1730இல் கிளர்ச்சி வெடித்தது; சுல்தான் பதவி இழந்தார்.

வீண்விரயத்தை நமது மார்க்கம் ஏன் இவ்வளவு கண்டிக்கிறது என்பதற்கு இந்த வரலாறு ஒரு பாடம். ஒருகாலத்தில் மாளிகை மதில்களுக்குள் சிலர் மட்டுமே ரசித்த மலரை இன்று எமிர்கானில் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் காசில்லாமல் கண்டு மகிழ்கிறது. அழகு என்பது அல்லாஹ் எல்லோருக்கும் வழங்கிய அருட்கொடை. அதைப் பூட்டி வைத்தால் பெருமை வளரும். பகிர்ந்துகொண்டால் நன்றியுணர்வு வளரும்.