பட்டியலை ஊர் முன்னால் படிக்கச் சொல்லுங்கள்!

ஓர் ஊரில் யாருக்கு எத்தனை ஏக்கர், யார் நிலத்தை விற்றுவிட்டு வெளியூர் போனார், யார் பெயருக்கு இன்னும் பட்டா மாறவில்லை என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. 2020-ம் ஆண்டு தமிழ்நாட்டையே உலுக்கிய பி.எம்.கிசான் மோசடி இந்த ஓட்டைக்குள் புகுந்து நடந்ததுதான்.

சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை, 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கிலேயே போடும் திட்டம் இது. 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆரம்பத்தில் வி.ஏ.ஓ. பட்டா, சிட்டாவைப் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே பெயர் ஏறியது. பிறகு, விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்று வழி திறந்தது. அலைச்சல் குறையட்டும் என்று செய்த ஏற்பாடு. அந்த வழியில் முதலில் நுழைந்தவர்கள் இடைத்தரகர்கள்.

கொரோனா ஊரடங்கு நேரம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. ‘கொரோனா நிவாரணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க’ என்று ஆள் வந்தால் யார்தான் மறுப்பார்கள்? சென்ட் நிலம்கூட இல்லாத கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் விவசாயிகள் பட்டியலில் ஏறின. அந்தப் பதிவுகளுக்கு ஒப்புதல் தர வேண்டிய வேளாண் துறையின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனியார் கணினி மையங்கள் வரை போயிருந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் இது நடந்தது. 2020 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தபோது, தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேரின் கணக்குகளுக்கு 110 கோடி ரூபாய் போயிருந்ததாக அரசே சொன்னது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தரகர்கள் கைதானார்கள், ஒப்பந்த ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

பணத்தைத் திரும்பப் பிடித்தது யாரிடம்? பெரும்பாலும் பாஸ்புக் கொடுத்த அந்தக் கூலிக்காரர்களிடம். தரகர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ‘மோசடிப் பயனாளி’ என்ற பெயரும் முடங்கிய வங்கிக் கணக்கும் ஊரில் இருப்பவருக்கு மிஞ்சின. இதை மறந்துவிட்டு இந்த மோசடியைப் பேசுவது நியாயமில்லை.

ஊராட்சி எங்கே போனது?

திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையிலேயே, பயனாளிகள் பட்டியலை ஊராட்சியில் ஒட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஆண்டுதோறும் 5 சதவிகிதப் பயனாளிகளை நேரில் சரிபார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால், பணம் டெல்லியிலிருந்து நேராகக் கணக்குக்கு வருவதால், ஊராட்சிக்கு இதில் வேலையே இல்லை என்ற எண்ணம் அதிகாரிகளுக்கும் வந்துவிட்டது, மக்களுக்கும் வந்துவிட்டது.

அந்த ஆண்டு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று கிராம சபைகளும் கொரோனாவால் கூடவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களே கிடையாது. 2016-ல் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2021 அக்டோபரில் தேர்தல் நடக்கும் வரை அங்கே தனி அலுவலர்கள் ஆட்சிதான். தலைவர் இருந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கடலூரிலும் திருவண்ணாமலையிலும் தலைவர்கள் இருந்தார்கள், அங்கேயும்தானே நடந்தது. பட்டியல் ஊர்க் காதில் விழாதவரை தலைவர் இருந்தும் பயனில்லை.

நூறு நாள் வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடமே கொடுத்தது. தணிக்கையாளர்கள் வருகைப் பட்டியலோடு வீடு வீடாகப் போய், ‘உங்க பேர்ல இத்தனை நாள் போட்டிருக்கு, நிஜமா வேலைக்குப் போனீங்களா?’ என்று கேட்டு, வெட்டிய குளத்தை அளந்து, கடைசியில் அதைச் சபையில் வாசிப்பார்கள். அங்கேயும் தில்லுமுல்லு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இறந்துபோனவர் பெயரில் சம்பளம் ஏறியிருந்தால், ‘அவர் போய் மூணு வருஷமாச்சே!’ என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

இப்போது பி.எம்.கிசானில் இ-கே.ஒய்.சி., நில ஆவண இணைப்பு என்று பூட்டுகள் கூடியிருக்கின்றன. ஊர்வாரியான பட்டியல் திட்டத்தின் இணையதளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. மாவட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். இ-சேவை மையத்தில் அச்செடுத்துக்கொள்ளலாம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாளில் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.

யாருக்குத் தகுதி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் அல்லாத அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் குடும்பங்களுக்குக் கிடையாது. மாவட்ட ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. உங்கள் ஊராட்சித் தலைவர் நிலம் வைத்திருந்து, வேறு தடையும் இல்லையென்றால் வாங்கலாம். அதைக் குற்றம் என்று கூட்டத்தில் சண்டை போட வேண்டாம்.

கிராம சபை தானாக ஒரு பெயரை நீக்க முடியாது. தீர்மானத்தை வைத்து வேளாண் துறைதான் விசாரித்து நீக்க வேண்டும். அது ஒருவகையில் நல்லதே. பங்காளிச் சண்டை, சாதிப் பகை எல்லாம் சபைக்கும் வரும். கணவர் இறந்து, பட்டா மாறாமல், பயிர் மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பெயர்தான் அப்போது முதலில் அடிபடும். அப்படிப்பட்டவரை ‘போலி’ என்று எழுத விடாதீர்கள். வாரிசு வழியில் வரும் நிலத்துக்குத் திட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்குத் தேவை வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும்தான்.

தெரியாமல் பணம் வந்துவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். அதே இணையதளத்தில் திருப்பிச் செலுத்தவும், உதவியை விட்டுக்கொடுக்கவும் வசதி இருக்கிறது. வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யார் ஆதாரை வாங்கிப்போனார், எவ்வளவு கமிஷன் எடுத்தார் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள்.