ஊதாங்குழலைக் கேட்காத படிவம்

பெரியம்மா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் நாற்பது வருடம் விறகடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதாங்குழலில் ஊதியவர். இப்போது நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஊரில் இதற்கு இளைப்பு என்று பெயர். ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். இழுத்துப் பிடித்த மூச்சை வேகமாக வெளியே விடும்போது முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று அந்தக் கருவி அளக்கிறது. இன்ஹேலர் மருந்தை இழுத்த பிறகும் அது மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால், மூச்சுக்குழாய் குறுகியிருக்கிறது என்று பொருள்.

"புது மருந்தெல்லாம் சோதிச்சுப் பாக்குறாங்களாமே, அதுல என்னையும் சேர்த்துவிட முடியுமாடா?" என்று ஒருநாள் கேட்டார். தேடிப் பார்த்தேன்.

தேடுவது கஷ்டமில்லை. இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளுக்கென்று சிடிஆர்ஐ என்ற பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) புள்ளியியல் நிறுவனம் அதை 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமானது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், நெறிமுறைக் குழு அனுமதித்ததா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில் என்பதுதான் சங்கடம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

நான் முதலில் படிப்பது, யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்கமாட்டோம் என்ற இரண்டு பகுதிகளை. பெரியம்மா அங்கேதான் இடறினார். சிஓபிடி மருந்துச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் நிபந்தனை 'பத்து பேக்-வருடம்'. தினம் ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட், ஒரு வருடம் பிடித்தால் ஒரு பேக்-வருடம். 42 நாடுகளில் நடந்து, 6,112 பேரின் முடிவுகளோடு 2007-ல் வெளியான டார்ச் சோதனையிலும் இதே நிபந்தனைதான். சுமார் 6,000 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து 2008-ல் வந்த அப்லிஃப்ட் சோதனையிலும் அதுதான்.

இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. ஆஸ்துமாக்காரர்கள் கலந்துவிட்டால் மருந்தின் பலனைப் பிரித்தறிய முடியாது. புகைபிடித்த வரலாறு அதற்கு ஒரு சல்லடை. ஆனால் சல்லடைக்கண் ரொம்பச் சிறியதாகிவிட்டது. நியூசிலாந்தின் வெலிங்டனில் பொதுமக்களிடையே சிஓபிடி உள்ளவர்களை, பெரிய சோதனைகளின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு சோதனைக்குச் சராசரியாக நூற்றில் ஐந்து பேர்தான் தேறினார்கள். இந்தியக் கணக்கு இன்னும் சங்கடமானது. 2016-ல் இங்கே சுமார் 5.5 கோடிப் பேருக்கு சிஓபிடி இருந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த நோய்ச்சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசினால் வருவது; புகையிலையின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசி. சோதனைக்கூடம் அந்தக் கால்வாசியைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

அடுப்பையே சோதனைக்கு எடுத்தவர்களும் உண்டு. குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் ரெஸ்பயர் என்ற ஆய்வில், சீட்டுக் குலுக்குவது போல வீடுகளைப் பிரித்து, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்தார்கள். 500 பெண்களில் மூச்சில் விசில் சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. ஊதிப் பார்த்த அளவோ ஒன்றரை வருடத்தில் நகரவே இல்லை. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் ஹாபின் என்ற பன்னாட்டு ஆய்வுக்காகக் கர்ப்பிணிகளுக்கு இலவச கேஸ் அடுப்பும் சிலிண்டரும் தந்தார்கள். வீட்டுப் புகை வெகுவாகக் குறைந்தும், குழந்தையின் பிறப்பு எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை.

எதிர்பார்ப்பு பொய்த்த சோதனையும் வீண் போவதில்லை. மெட்டோப்ரொலால் என்ற இதய மாத்திரை சாப்பிடும் சிஓபிடி நோயாளிகளுக்கு மூச்சுத்திணறல் தாக்குதல் குறைவு என்று பழைய பதிவுகள் காட்டின. 532 பேரை வைத்து முறையாகச் சோதித்தபோது (2019) தாக்குதல் தள்ளிப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் கடுமையான தாக்குதல்கள் மாத்திரைக் குழுவில்தான் அதிகம். பாதியில் நிறுத்திவிட்டார்கள். மாறாக, வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவரிடம் டாக்டர்கள் சொல்லும் 'தினம் 15 மணி நேரம்' என்ற கணக்கு, 1981-ல் வெறும் 87 பேரை வைத்து பிரிட்டனில் செய்த சோதனையிலிருந்து வந்தது. ஐந்து ஆண்டுகளில் ஆக்ஸிஜன் பெற்ற 42 பேரில் 19 பேர் இறந்தார்கள். பெறாத 45 பேரில் 30 பேர்.

சேர நினைப்பவர் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். குலுக்கலில் உங்களுக்கு வெற்று மருந்து விழலாம். அதற்காக மூச்சு முட்டும்போது சும்மா இருக்கச் சொல்லமாட்டார்கள். அவசரத்துக்கு இழுக்கும் பஃப் கையில் இருக்கும். ஆனால் ஊதும் சோதனைக்குச் சில மணி நேரம் முன்பு அதை நிறுத்தச் சொல்லலாம், அந்தக் காலைப்பொழுது சிரமம்தான். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனையோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். எந்த நிமிடமும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், இழப்பீடும் உண்டு என்கின்றன 2019-ன் விதிகள். மரணத்துக்கான இழப்பீட்டுச் சூத்திரம் எட்டு லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. கையெழுத்துப் போடுமுன் பஸ் செலவை யார் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கடைசியில் பெரியம்மாவுக்கு ஒன்று கிடைத்தது. மருந்து அல்ல, மூச்சுப்பயிற்சி பற்றிய ஆய்வு. அதில் சிகரெட் கணக்குக் கேட்கவில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று மட்டும் பார்ப்பார்களாம். அன்றிலிருந்து மொட்டைமாடியில் கைக்கடிகாரத்தோடு நடந்து பழகிக்கொண்டிருக்கிறார். பழகிவிட்டுப் போனால் கணக்கு தப்பாகிவிடும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் வாங்குவதாக இல்லை.