தொட்டியில் இறங்குமுன்: வாயு காட்டும் கருவியைக் கையாளும் முறை

சாயச்சாலைக் கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தங்கிய சேற்றை வாருவதும், தோட்டக் கிணற்றில் தூர் எடுப்பதும், சாண எரிவாயுக் கலத்தைத் திறந்து சுத்தம் செய்வதும் நம் அங்கத்தினர்களுக்குப் பழகிய வேலைகள். பழகிய வேலையாதலால் அவற்றைக் குறித்து அச்சம் தோன்றுவதில்லை. ஆயினும், உள்ளே இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் பாய்ந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் அவ்விடத்திலேயே மாண்டனர் என்ற செய்தி எங்கிருந்தேனும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தகைய இடங்களின் காற்றைச் சோதிக்கச் சட்டையில் மாட்டிக்கொள்ளும் அளவான சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. தொழிலாளர்கள் அதைக் ‘காஸ் டிடெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். சங்கங்கள் சில அதை வாங்கியும் வைத்திருக்கின்றன. வாங்கி வைத்தால் மட்டும் போதுமா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

கிணற்றில் அரிக்கேன் விளக்கை இறக்கி, அணையாவிட்டால் ஆளை இறக்குவது நம் முன்னோர் கைக்கொண்ட முறை. அதில் அறிவு இல்லாமற்போகவில்லை. பிராணவாயு குறைந்த காற்றில் சுடர் நில்லாது என்பது உண்மையே. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம், விளக்கு அணைவதோ அது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கிய பின்னரே. அந்நிலையில் மனிதனுக்கு மூச்சு வாங்கி, நிதானம் தவறத் தொடங்கியிருக்கும். அன்றியும், உயிரைப் போக்கும் அளவுக்கு விஷவாயு கலந்திருந்தாலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும். எரிவாயு நிறைந்த குழியிலோ அவ்விளக்கே தீக்கு வித்தாகிவிடும்.

மூக்கை நம்புவோரும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அழுகிய முட்டை நாற்றம் உடையது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கையிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். இந்தப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பி.பி.எம். என்று கருவியில் குறிக்கிறார்கள். ஆனால் 100 பி.பி.எம். அளவை எட்டினால் சில நிமிஷங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும். “முதலில் நாறிற்று, இப்போது போய்விட்டது” என்று ஒருவர் சொல்வாராயின் அபாயம் நீங்கியதென்று எண்ணலாகாது. மூக்கு தோற்றுவிட்டதென்று எண்ணிக்கொண்டு உடனே வெளியேற்ற வேண்டும். 1000 பி.பி.எம். அளவில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். கூவுவதற்கும் நேரம் இராது.

இவ்வாயு நம் சாயச்சாலைகளுக்கு அந்நியமன்று. சல்பர் கறுப்புச் சாயத்தைக் கரைக்கச் சோடியம் சல்பைடு சேர்க்கிறோம். அந்தக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே வாய்க்காலில் கலந்தால் அக்கணமே இவ்வாயு கிளம்பும். சல்பர் சாயமே போடாத இடங்களிலும் ஆபத்து இல்லையென்று சொல்வதற்கில்லை. சாயம் ஏறுவதற்காக இடும் கிளாபர் உப்பு, தொட்டியின் அடிச்சேற்றில் காற்றுப் படாமல் கிடக்கும்போது, ஒருவகை நுண்ணுயிர்கள் அதிலிருந்து இதே வாயுவை உண்டாக்குகின்றன.

நாம் குறிப்பிடும் கருவி நான்கு அளவுகளைக் காட்டுவது: பிராணவாயு, தீப்பற்றும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மானாக்ஸைடு. கிணற்றின் உள்மேடையில் எஞ்சினை வைத்து ஓட்டுகிற தோட்டக்காரர்களைக் கொல்வது இந்த நாலாவது வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 23.5 சதவீதத்துக்கு மேலே போனாலும் கருவி கூவும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பி.பி.எம்., கார்பன் மானாக்ஸைடுக்கு 35 பி.பி.எம். என்று முதல் எச்சரிக்கையை வைப்பது வழக்கம். தீப்பற்றும் வாயுவின் எண்தான் பலரைக் குழப்புகிறது. சாண எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன், காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் தீப்பற்றும். அந்த 5 சதவீதத்தையே கருவி 100 என்று கொண்டு கணக்கிடுகிறது. ஆகவே அது 10 என்று காட்டினால் காற்றில் இருப்பது அரை சதவீத மீத்தேன். அதுவே வேலையை நிறுத்தப் போதுமான அளவு.

நாம் பார்க்கச் சென்ற ஒரு சாயச்சாலையில் கருவியைக் கேட்டபோது காரியதரிசி பெருமையுடன் இரும்பு அலமாரியைத் திறந்து எடுத்துத் தந்தார். உறைகூடக் கசங்கவில்லை. வாரந்தோறும் மின்னேற்றி வந்திருக்கிறார்கள். திறந்த வெளியில் முடுக்கினோம், பிராணவாயு 20.9, மற்ற மூன்றும் 0. எல்லோருக்கும் திருப்தி. பின்னர், நாம் கொண்டு சென்ற சோதனை வாயுச் சிலிண்டரிலிருந்து 25 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்பைடு கலந்த வாயுவைக் கருவியின் மேல் செலுத்தினோம். எண் அசையவேயில்லை, 0 என்றே நின்றது. அவ்வாயுவைக் காணும் உணரி எப்போதோ செத்துவிட்டது. அதற்கு முந்திய மாதம்தான் அக்கருவியை மாட்டிக்கொண்டு இருவர் தொட்டிக்குள் இறங்கி ஏறியிருந்தனர் என்று பிறகு சொன்னார்கள். அன்று தொட்டியில் வாயு இல்லாதது அவர்கள் செய்த பாக்கியம்.

நல்ல கருவியும் திறந்த வெளியில் 0 காட்டும், கெட்ட கருவியும் 0 காட்டும். வெறும் பார்வையால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆதலால் உபயோகிக்கும் ஒவ்வொரு நாளும், வேலைக்கு முன், சோதனை வாயுவைச் சில விநாடிகள் காட்டி, எண்கள் ஏறுகின்றனவா, மணி ஒலிக்கிறதா, விளக்கு மின்னுகிறதா, கருவி அதிர்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எண் ஏறாவிட்டாலும், சிலிண்டரில் குறித்துள்ள அளவுக்கு வெகு தூரம் விலகி நின்றாலும், கருவியை அளவு திருத்தாமல் அன்று யாரையும் இறக்கலாகாது. சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு. தனித்து வாங்கச் சக்தியில்லாத சிறு சங்கங்கள் அக்கம்பக்கத்துச் சங்கங்களுடன் கூடி ஒரு சிலிண்டரை வைத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை. கூட்டுறவு என்பது இதற்கும் பொருந்தும்.

உணரிகள் நிரந்தரமானவை அல்ல. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் பலவற்றின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே. மாற்றும் செலவைக் கருவி வாங்கும் தினத்திலேயே வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்காத கமிட்டி பாதிக் கருவியைத்தான் வாங்கியிருக்கிறது. தீப்பற்றும் வாயுவை அறியும் உணரி பெரும்பாலும் சூடேறிய ஒரு சிறு மணி. அதன் மேல் வாயு எரிந்து எழும் சூட்டை அது அளக்கிறது. சிலிக்கோன் ஆவி பட்டால் அது கெட்டுவிடும். துணிக்கு மிருதுவூட்டும் சிலிக்கோன் கலவைகள் வைத்திருக்கும் அறையிலும், சிலிக்கோன் தெளிப்பான்களை உபயோகிக்கும் இடத்திலும் கருவியை வைக்க வேண்டாம்.

இனி இறக்கும் முறை. கருவியைச் சுத்தமான காற்றுள்ள இடத்தில் முடுக்க வேண்டும். ஓடும் டீஸல் எஞ்சின் அருகே முடுக்கி, அங்குள்ள காற்றையே ‘0’ என்று அதற்குக் கற்பித்துவிட்டால் பின்னர் அது சொல்வதெல்லாம் பொய்யாகும். மூடியைத் திறப்பவர் காற்று வரும் பக்கம் நின்று திறக்கட்டும். தலையை உள்ளே நீட்டலாகாது. நீண்ட குழாயை இறக்கி, உள்ளிருக்கும் காற்றைக் கருவிக்கு இழுக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும்; ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தங்கும்; கார்பன் மானாக்ஸைடு ஏறக்குறையக் காற்றின் கனமே. ஆகவே வாய், நடு, அடி என மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். குழாய் நீளத்துக்கு ஏற்பக் காற்று வந்து சேர நேரம் பிடிக்கும். அதற்கு மேலும் எண் நிலைத்து நிற்க ஓரிரு நிமிஷமாகும். கைப்புத்தகத்தில் அடிக்கு இத்தனை விநாடி என்று போட்டிருப்பார்கள். இதில் காட்டும் அவசரமே பல தவறுகளுக்குக் காரணம். குழாயின் நுனி சேற்றிலோ நீரிலோ அமிழாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்களில் முதலில் பார்க்க வேண்டியது பிராணவாயு, அதன் பின் தீப்பற்றும் வாயு, பிறகு விஷவாயுக்கள். காரணம் இதுதான்: மேலே சொன்ன சிறு மணியில் எதுவும் எரிய வேண்டுமானால் பிராணவாயு வேண்டும். எரிவாயு நிறைந்து பிராணவாயு ஒழிந்த கலத்தில் அந்த எண் சரேலென்று ஏறிப் பின் தானே விழுந்துவிடும். விழுந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள் உண்டு. அது வாயு குறைந்ததன் அடையாளமன்று; மிதமிஞ்சியதன் அடையாளம்.

எண்களில் ஒன்று பிசகினாலும் ஊதுவிசிறி கொண்டு புதுக்காற்றைச் செலுத்தி மறுபடி சோதிக்க வேண்டும். பிராணவாயுச் சிலிண்டரைத் திறந்துவிடுவது பெருந்தீக்கு வழி செய்வதாகும்.

எல்லாம் சரியாயிருந்து ஒருவர் இறங்கும்போதும் கருவி அவருடன் செல்ல வேண்டும். இடுப்பிலோ பைக்குள்ளோ அன்று, மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள், மார்பில். ஏனெனில் அசையாத சேறு வாயுவைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும். மண்வெட்டி பட்டதும் அது குமிழியிட்டுக் கிளம்பும். ஐந்து நிமிஷத்துக்கு முன் மேலிருந்து பார்த்த 0 அப்போது எதற்கும் உதவாது. மணி ஒலித்தால் எண்ணைப் படிக்க நிற்க வேண்டாம், ஏறிவிட வேண்டும். மேலே நிற்பவர் கயிற்றை விட்டு அகலலாகாது. கீழிருப்பவர் சாய்ந்தால் கயிற்றால் இழுப்பதே அவர் கடமை. தாம் இறங்குவது அன்று. தம்பி கீழே கிடக்கையில் அண்ணன் மேலே நிற்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். அதனால்தான் இறங்குமுன்னரே இடுப்பில் வாரும் கயிறும் பூட்டியிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவும் சோதனைச் சான்றிதழ் இல்லாவிடில் சுவாசக் கருவியும், மறுமுனையை வெளியிலுள்ளவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டுமென்றே விதித்தது.

இக்கருவி காணாதவையும் உள. சலவைத் தூளில் அமிலம் பட்டு எழும் குளோரினை இந்த நான்கு உணரிகளில் எதுவும் காட்டாது. அதற்கு வேறு உணரி வேண்டும். கரியமில வாயுவும் அவ்வாறே. கிணற்றில் அது 5 சதவீதம் புகுந்தால் பிராணவாயு 20.9இலிருந்து ஏறக்குறைய 19.9க்குத்தான் இறங்கும், எச்சரிக்கை ஒலியோ 19.5க்குக் கீழேதான். மனிதன் திணறிக்கொண்டிருக்கக் கருவி மௌனமாயிருக்கும். ஆகவே ஒலிக்காவிட்டாலும் 20.9 குறைந்துள்ளதென்றால் காரணம் தெரியும்வரை இறங்கக் கூடாது.

மலக்குழிகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மலக்குழியிலும் சாக்கடையிலும் ஆளை அபாயகரமாக இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014இல் வகுத்த உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. கருவி கையிலிருக்கிறது என்பது அத்தடையை நீக்கிவிடாது. அவ்வேலைக்கு உறிஞ்சும் லாரியை அழைப்பதே முறை.

மாலையில் கருவியை அணைக்குமுன், அன்று அது கண்ட உச்ச அளவைக் கேட்டுப் பார்த்துத் தேதி, இடம், இறங்கியவர் பெயருடன் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். முன்னர் சொன்ன சாயச்சாலையில் உணரியை மாற்றிவிட்டார்கள், புத்தகமும் வைத்திருக்கிறார்கள். அதன் முதல் பக்கத்தில், சேற்றைக் கிளறிய வேளையில், 14 பி.பி.எம். என்று எழுதியிருக்கிறது.