அளவு காட்டும் முட்கள்

நாமக்கல் மாவட்டத்தில் ஓங்கி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின்மேல் சிற்றூர்கள் பல சேர்ந்த பகுதிகளுக்கு 'நாடு' என்று பெயர். அவற்றுள் ஒன்று திருப்புலி நாடு. மலையில் விளையும் மிளகும் காப்பிக்கொட்டையும் அன்னாசியும் ஊர்திகளிலேயே கீழே இறங்குகின்றன. நாமக்கல் சந்தையில் வாங்கிய பொருள்களும் ஊர்திகளிலேயே மேலே ஏறுகின்றன.

இத்தகைய ஏற்றத்தில் வண்டியின் எஞ்சின் நெடுநேரம் கடுமையாக உழைக்கிறது. ஓட்டுநரின் கண் சாலையைவிட்டு அகலல் ஆகாது. எஞ்சினுள் எண்ணெய் ஓடுகிறதா, நீர் கொதிக்கிறதா என்பவற்றை அவர் நேரில் காணவும் இயலாது. நாடியைத் தொட்டு உடல்நிலையை அறியும் மருத்துவரைப் போல, அவர் முகப்புப் பலகையிலுள்ள முட்களைப் பார்த்தே வண்டியின் நிலையை அறிகின்றார்.

உறுப்புகளைத் தனித்தனியே பெற்று வண்டியைப் பூட்டும் முறை புதியதன்று. 1940-களின் இறுதியில், வில்லிஸ் ஜீப்புகளின் உறுப்புகள் அமெரிக்காவிலிருந்து வர, அவற்றை மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் பூட்டினர். இங்கிலாந்தில் 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் காரை, உறுப்புகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டவர் பலர். இன்றும் பழைய ஜீப்புகளைப் புதுப்பிப்போர் உள்ளனர். தாமே கார் பூட்டி, அதில் பழைய மீட்டர்களைப் பொருத்தி மகிழ்வோரும் உள்ளனர். அவர்கள் முதலில் அறிய வேண்டுவது, ஒவ்வொரு முள்ளும் எவ்வாறு இயங்குகிறது என்பதே.

பழைய ஜீப்பில் ஐந்து மீட்டர்கள் இருந்தன. அவற்றுள் வேகங்காட்டிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் வளையும் கேபிள் ஒன்று, மீட்டரினுள் உள்ள காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து அலுமினியக் கிண்ணம் ஒன்று உண்டு. காந்தம் அதனைத் தொடுவதில்லை. ஆயினும் சுழலும் காந்தத்தால் கிண்ணத்தில் மின்னோட்டம் எழ, கிண்ணம் இழுக்கப்பட்டு முள்ளைத் திருப்புகிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. செருமனியைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பழைய மீட்டர்களுட் பல மைலையே காட்டும். அதில் 30 என்று முள் நின்றால், வண்டியின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் ஆகும். சக்கரத்தின் அளவை மாற்றினாலும் கணக்குப் பிழைபடும்.

எண்ணெய் அழுத்தங்காட்டியும் வெப்பங்காட்டியும் பழைய வண்டிகளிற் பெரும்பாலும் மின்சாரமின்றியே இயங்கின. பிரான்சு நாட்டினராகிய யூழேன் பூர்தோன் 1849-இல் கண்டறிந்த வளைகுழாயே இவற்றின் உயிர்நிலை. அழுத்தம் மிகுந்தால் அக்குழாய் சற்றே நிமிரும், முள் நகரும். எண்ணெய் மீட்டருக்குச் செல்லும் சிறுகுழாயின் இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் ஒழுகிப்போகும். வெப்ப மீட்டரின் மெல்லிய செப்புக்குழாயோ, ஆவியாகும் நீர்மம் அடைத்து மூடப்பட்டது. நீளம் மிகுதியெனக் கருதி அதனை வெட்டினால் மீட்டர் பயனற்றுப்போம். மிகுதியைப் பெரிய வளையமாகச் சுற்றி வைத்தலே முறை.

வெப்பமுள்ளைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் 96 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே அழுத்த மூடியில்லாத பழைய ரேடியேட்டரையுடைய வண்டி, மலையுச்சியில் முள் 100-ஐத் தொடுமுன்னரே கொதித்துவிடும்.

மின்சாரத்தால் இயங்குவன ஆம்பியர் மீட்டரும் பெட்ரோல் மீட்டரும். கம்பிகளை இணைக்கத் தொடங்குமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுதல் முதற்கடமை. முற்கால ஜீப்புகளில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. அதற்குரிய மின்மீட்டரை 12 வோல்ட்டில் இணைத்தால் முள் பிழையாகக் காட்டும். சிலவேளை மீட்டரே கருகும். தகட்டைத் துளைத்துச் செல்லும் கம்பிக்கு ரப்பர் வளையம் இடுதல் வேண்டும். இல்லையேல் வண்டியின் அதிர்வில் உறை தேய்ந்து கம்பி தகட்டைத் தொட்டுவிடும். அதனால் விளையும் தீயைத் தடுக்கவே ஃபியூஸ் வைக்கப்படுகிறது.

ஆம்பியர் மீட்டர் மின்னோட்டத்தின் பாதையிலேயே அமைவது. பேட்டரிக்குச் செல்லும் மின்சாரமும் அதிலிருந்து வரும் மின்சாரமும் அதனூடே பாயும். ஆதலின் அதற்குத் தடித்த கம்பி வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் மோட்டாருக்குரிய பெருமின்னோட்டம் மட்டும் அதன் வழியே செல்வதில்லை. முள் நடுவில் நின்று, மின்சாரம் ஏறும்போது ஒருபுறமும் இறங்கும்போது மறுபுறமும் சாயும். எஞ்சின் ஓடாதபோது விளக்கை ஏற்றினால் முள் இறக்கத்தைக் காட்டுதல் வேண்டும். ஏற்றத்தைக் காட்டினால் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன என்று அறியலாம். இம்மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நேரே இணைப்பது பெருந்தவறு. கம்பி நொடியில் பழுக்கக் காய்ந்து எரியும்.

பெட்ரோல் மீட்டரே பொய்கூற வல்லது. தொட்டியினுள் மிதவை ஒன்று பெட்ரோலுடன் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப மின்தடை மாறுகிறது, முள்ளும் நகர்கிறது. மின்சாரம் தொட்டியின் உலோகத்தின் வழியாக வண்டியின் உடலுக்குச் சென்று பேட்டரியை அடைகிறது. இத்திரும்பும் வழியை மெக்கானிக்குகள் 'எர்த்' என்பர். புதிதாக வர்ணம் பூசிய தொட்டியை ரப்பர் துண்டுகளின்மேல் அமைத்தால் இவ்வழி அடைபடும். பழைய ஆங்கில மீட்டர்களுள் ஒருவகையில், வழி அடைபட்டதும் முள் 'நிறைவு' என்று காட்டும். தொட்டி வற்றிக்கொண்டிருக்கும், முள்ளோ நிறைந்துளது என்னும்! நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு இரவில் மலையிறங்கும் வண்டி, வளைவுகளுக்கிடையே பெட்ரோலின்றி நின்றால் விளைவு யாதாகும்?

இதனைத் தவிர்ப்பது அரிதன்று. வர்ணத்தைச் சுரண்டி, தொட்டிக்கும் உடலுக்கும் தனிக் கம்பி ஒன்றை இறுகப் பூட்டினால் போதும். பின்னர் வெறுந்தொட்டியில் அளந்தளந்து பெட்ரோல் ஊற்றி, முள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளல் நன்று. சரிவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்குதலால், சமநிலத்தில் நின்று காட்டும் அளவையே நம்புதல் வேண்டும்.

மீட்டர் இல்லாத வண்டியை ஓட்டுபவர் ஐயத்துடன் செல்வார். கோலிட்டுத் தொட்டியை அளந்து பார்ப்பார். பொய்கூறும் மீட்டரை உடையவரோ கவலையின்றிச் சென்று இடர்ப்படுவார். முகப்புப் பலகைக்கு அழகு தருவது பளபளக்கும் வளையம் அன்று, முள்ளின் உண்மையே. கண்ணுக்குப் புலப்படாத சிறு எர்த் கம்பியையும் செம்மையாகப் பூட்டியவரே, மலைச்சாலையில் செல்வோரின் உயிரைக் காத்தவர் ஆவார்.