சட்டைப்பைக்குள் அடங்கிய கணக்கு

கருவிகளை ஆக்குவோர் முதலில் உள்ளுறுப்புகளை அமைத்து, ஈற்றிலே அவற்றை மூடுதற்கு ஒரு பெட்டியைத் தேடுவது பெருவழக்கு. இவ்வழக்கைத் தலைகீழாக்கி வெற்றிகண்ட ஒரு சிறு கருவியின் வரலாற்றை இங்கு நோக்குவோம். மடக்கை அட்டவணையைப் புரட்டிச் சலித்த மாணவர்க்கு இது சுவை தருமென்பது எமது துணிபு.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹியூலெற்-பக்கார்ட் கம்பனியார் மேசைக் கணிப்பான் ஒன்றை வெளியிட்டனர். அதன் நிறை ஏறக்குறைய 40 இறாத்தல். கம்பனியை நிறுவிய இருவருள் ஒருவரான வில்லியம் ஹியூலெற், அத்தகைய ஆற்றல் தமது சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியொன்றிலும் வேண்டுமென்றார். சந்தையை ஆராய்ந்தோர் ஊக்கமளித்திலர். எனினும் அவர் எண்ணத்தைக் கைவிடவில்லை.

பையின் அளவே கருவியின் அளவாயிற்று. நீளம் 6 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. அகலம் 3 அங்குலத்திற்குச் சற்று மிகுதி. எட்வேட் லில்ஜென்வோல் என்பார் வெளியுருவை வகுத்தார். உள்ளுறுப்புகளை அதற்குள் அடக்குவது பொறியியலாளர் கடனாயிற்று. சிறிய பரப்பில் 35 விசைகளை வைத்தல் எளிதன்று. ஆகவே, விசைகளைத் தொழிலுக்கேற்பக் கூட்டங்களாகப் பிரித்து, அளவாலும் நிறத்தாலும் வேறுபடுத்தினர். விசை அழுந்தியதை விரலே உணரும்படியும் செய்தனர்.

சைன் முதலிய திரிகோணகணிதப் பெறுமானங்களைச் சிறு கருவி எவ்வாறு காணும்? டேவிட் கொக்ரன் இதற்கு வழிவகுத்தார். ஜக் வோல்டர் 1959இல் வெளியிட்ட முறையைத் தழுவி, கூட்டல், கழித்தல், இலக்கங்களை இடம்பெயர்த்தல் என்னும் எளிய செயல்களாலேயே விடை காணச் செய்தார். வானூர்தியின் வழியறிதற்கெனப் பிறந்த முறை சட்டைப்பைக்குள் புகுந்தது!

1972 பெப்ரவரியில் எச்.பி.-35 என்னும் பெயருடன் அக்கருவி வெளிவந்தது. விலை 395 டொலர். 10,000 விற்றாற் போதுமென எண்ணியிருக்க, முதலாண்டில் ஏறக்குறைய 100,000 விற்பனையாயின. பொறியியலாளர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட நழுவுகோல் சில ஆண்டுகளுள் வழக்கொழிந்தது.

ஆயினும் ஒரு சோதனை நேர்ந்தது. 2.02இன் இயற்கை மடக்கையைக் கண்டு, அதனை மீண்டும் எண்ணாக மாற்றினால் 2.02 வருதல் வேண்டும். கருவியோ 2 எனக் காட்டிற்று. அப்பொழுது ஏறத்தாழ 25,000 கருவிகள் மக்கள் கைக்குப் போய்விட்டன. பிழையோ அரிது; பலர் கண்ணிற் படாமலே போயிருக்கலாம். எனினும் கம்பனியார் வாங்கியோர்க்கு அதனை அறிவித்து, திருத்திய கருவியை மாற்றித்தர முன்வந்தனர்.

புதியன ஆக்க விரும்பும் இளைஞர் இரண்டை உளங்கொள்ளல் வேண்டும். பயன்படுத்துவோன் கையையும் பையையும் அறிந்தபின்னரே வடிவத்தை வகுத்தல் ஒன்று. விடை பிழையென அறிந்தவுடன், எவரும் கேளாத முன்னரே திருத்துதல் மற்றொன்று. முன்னையது கருவியை விற்கும். பின்னையதே அதனை நம்பத்தக்கதாக்கும்.